வயர் பழகுமா?

எங்கள் வீட்டு ஸ்ரீரியோ செற்றின் ஸ்பீக்கர் வயர்களை எலி வெட்டிவிட்டது. இது நடந்தது 2023 இல். கனடாவிலிருக்கும் சித்தப்பா தான் பாவித்த செற்றைப் பொதி செய்து எங்களுக்கு அனுப்பியிருந்தார். ஒரு அம்பிளிபயர், பாட்டுப்போடும் பெட்டி, இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். வீட்டுத் திட்டத்தில் கிடைத்த எங்கள் வீட்டின் முன்அறையில் அது வந்து இருந்தபின்தான் அந்த அறை அறையாயிற்று என்று அம்மா சொல்லுவார். அதுவரைக்கும் அங்கே நெல் மூட்டைதான் கிடந்தது.

தம்பி நகரத்துக் கடையொன்றுக்குப் போய்ப் புது வயர் வாங்கி வந்தான். கண்ணாடி போன்ற உறைக்குள் செப்புக் கம்பிகள் மினுங்கும் தடித்த வயர். மீற்றர் 650 ரூபாப்படி எட்டு மீற்றர். கடையிலிருந்து வந்த பெடியனே பூட்டிக்கொடுத்தான். போகும்போது அவன் ஒரு விடயத்தை அழுத்திச் சொன்னான்.

"அண்ணை, இது புது வயர். இப்ப சத்தம் கொஞ்சம் இறுக்கமாய்த்தான் இருக்கும். ஒரு இருநூறு மணித்தியாலம் ஓட விடுங்கோ. வயர் பழகினாப் பிறகுதான் உண்மையான சத்தம் வரும்."

செருப்புப் பழகும், புதுச் சேலை பழகும், மண்சட்டிகூடப் பழக்கி எடுத்தால்தான் குழம்பு ருசிக்கும். அதனால் வயர் பழகும் என்றபோது எங்கள் ஒருவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. தம்பி கணக்குப் போட்டான். நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்றால் இருபத்தைந்து நாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் கேட்காவிட்டாலும் பாட்டு ஓடத் தொடங்கியது. நான் வேலைக்குப் போகும்போதும் ஓடும், வரும்போதும் ஓடும். கோழிகள்கூட முற்றத்தில் அதைக் கேட்டுக்கொண்டு திரிந்தன.

அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. முதல் நாளே, "பாட்டிலை என்னவோ குறையுது" என்றார். இரண்டாம் நாளும் சொன்னார். நான்காம் நாள் தம்பி சற்று எரிச்சலோடு, "அம்மா, வயர் இன்னும் பழகேல்லை. கொஞ்சம் பொறுங்கோவன்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்து, "அம்மாவின்ரை காதாலை வாற பிரச்சினை அக்கா" என்றான்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 2009 இல் மாத்தளனில் நாங்கள் இருந்த பதுங்குகுழிக்குப் பக்கத்தில் செல் விழுந்ததில் அம்மாவின் இடது காது போய்விட்டது. அப்பாவையும் அங்கேதான் விட்டுவிட்டு வந்தோம். செட்டிகுளம் முகாமில் இருந்த காலத்திலிருந்து அம்மாவோடு கதைக்கிறவர்கள் எல்லோரும் அவருடைய வலப்பக்கம் போய் நின்றுதான் கதைப்பார்கள். அப்படியான ஒருவர் ஸ்ரீரியோவில் குறை சொன்னால் யார்தான் கணக்கில் எடுப்பார்கள்? நானும் எடுக்கவில்லை. சமூகவியல் படித்து, பெண்கள் சொல்வதைக் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற நானும்தான் எடுக்கவில்லை.

ஆனால் அம்மாவின் காதுக்கு வேறொரு பழைய கதையும் உண்டு. அவர் பிறந்து வளர்ந்தது இணுவிலில். நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த பிள்ளை. 1975 இல் காலமான தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பைச் சிறுமியாகத் தகப்பனின் தோளில் இருந்து கேட்டிருக்கிறார். இன்றைக்கும் மேளக்கச்சேரி என்றால் சமையலை விட்டுவிட்டு வந்து கதவுநிலையில் சாய்ந்து நிற்பார்.

உங்களில் பலருக்கும் நினைவிருக்கும், 1990 இற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் கறண்ட் இல்லை. தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற கறண்டில் றேடியோ கேட்டோம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு நாங்கள் வன்னிக்குப் போனபோதும் அதே சைக்கிள், அதே டைனமோ. நானும் தம்பியும் முறைவைத்துச் சுற்றுவோம். கை தளர்ந்தால் சத்தம் தேய்ந்துபோகும். கசற் என்றால் பாட்டு இழுபட்டு, பாடுகிறவர் நித்திரைக்குப் போவதுபோல இருக்கும். அம்மா உள்ளேயிருந்து, "பிள்ளை, சுதி இறங்குது, வடிவாய்ச் சுத்து" என்று சத்தம் போடுவார். அந்த இரைச்சலுக்குள்ளும் சுதி இறங்குவது அவருக்குத் தெரிந்தது. அதை நான் மறந்துபோனேன்.

பதினைந்து நாள் ஓடியபின் தம்பி, "இப்ப வித்தியாசம் தெரியுது அக்கா. சத்தம் இளகிட்டுது" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. முதல்நாள் காதைக் குத்திய சத்தம் இப்போது குத்தவில்லை. வயர் பழகிவிட்டது என்று நாங்கள் இருவரும் மகிழ்ந்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டுப் போட்டால் எழுந்து பின்வளவுக்குப் போய்விடுவார். அதற்கும் தம்பியிடம் ஒரு விளக்கம் இருந்தது: அம்மாவுக்கு இப்போது பழகிவிட்டது, அதுதான் பேசாமல் இருக்கிறார்.

அந்த மாதத்துக் கறண்ட் பில்லையும் சொல்லவேண்டும். 2022 ஓகஸ்ட், 2023 பெப்ரவரி என்று இரண்டு தடவை கட்டணத்தைப் பெருமளவில் உயர்த்தியிருந்தார்கள். எங்கள் வீட்டில் மாதம் 55, 58 அலகுதான் வரும். 60 ஐத் தாண்டினால் கணக்குப் போடுகிற முறையே வேறு என்பதால் மின்குமிழைக்கூட எண்ணித்தான் போடுவோம். எங்கள் செற் ஓடினால் 30 வாற் அளவு எடுக்கும். இருநூறு மணித்தியாலத்துக்கு ஆறு அலகு. ஆறே ஆறு அலகுதான், ஆனால் அது எங்களை 60 இற்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. வயர் பழகிய செலவு என்று தம்பி சிரித்தான். பில்லைக் கட்டுகிறவள் நானாகையால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி அந்த அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு சிறிய தகரக் கொட்டிலில் போனும் றேடியோவும் திருத்துகிறவர். இரண்டு பிள்ளைகளோடு தனியே குடும்பத்தைக் கொண்டுபோகிறவர். எங்கள் நிறுவனத்தின் சுழற்சிக் கடன் ஒன்று விடயமாகத்தான் எனக்குப் பழக்கம். இந்த வேலையை எங்கே படித்தார் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆண்கள் முதலில் அவரிடம் சாமானைக் கொடுக்கத் தயங்கினார்கள் என்றும், இப்போது மூன்று கிராமத்திலிருந்து வருகிறார்கள் என்றும் மட்டும் தெரியும். ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வந்தவரை மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

வழக்கம்போல செற் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சோறு போட்டுக்கொண்டே, விருந்தாளிக்குச் சொல்லுகிற சாட்டில், "உந்தச் சாமான் முந்தி நல்லாய்ப் பாடினது. இப்ப என்னவோ குறையுது. நான் சொன்னா இதுகள் காது எண்டுதுகள்" என்றார்.

நான் அவசரமாக இருநூறு மணித்தியாலக் கதையை விளக்கத் தொடங்கினேன். அக்கா என்னைக் கவனிக்கவில்லை. அம்மாவின் வலப்பக்கம் போய் இருந்துகொண்டு, "எந்தச் சத்தம் அம்மா குறையுது?" என்று கேட்டார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "தவில் கேக்கேக்கை வலந்தலை கேக்குது. தொப்பி கேக்கேல்லை. ஒரு கையாலை தவில் அடிச்சமாதிரிக் கிடக்கு."

தவிலில் கூடு மாட்டிய விரல்களால் வாசிக்கிற பக்கம் வலந்தலை. கூரிய, உயர்ந்த சத்தம் அதில் வரும். கழியால் அடிக்கிற மற்றப் பக்கம் தொப்பி. ஆழமான சத்தம் அதிலிருந்துதான் வரும். அந்த ஆழமான சத்தம்தான் எங்கள் வீட்டில் இல்லை. இருபது நாளாக அது இல்லை என்பதை அம்மா ஒற்றைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா சாப்பிட்டுக் கைகழுவியபின் எங்கள் சுவர் மணிக்கூட்டைக் கழற்றச் சொன்னார். அதற்குள் இருந்த சின்னப் பற்றரி, 1.5 வோல்ற் பற்றரிதான், அவருக்குத் தேவைப்பட்டது. செற்றின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றினார். ஸ்பீக்கர் வயர்களை அம்பிளிபயர்ப் பக்கத்தில் மட்டும் கழற்றினார். ஸ்பீக்கரின் முன்னால் உள்ள துணிமூடியை எடுத்தார். வயரின் இரண்டு நுனிகளையும் பற்றரியின் இரண்டு முனைகளிலும் ஒரு கணம் தொட்டார், அவ்வளவுதான். ஸ்பீக்கரின் வட்டமான பேப்பர்க் கூம்பு 'டக்' என்று முன்னுக்குத் தள்ளியது. மற்ற ஸ்பீக்கருக்கும் அதேமாதிரித் தொட்டார். அது 'டக்' என்று உள்ளுக்கு இழுத்தது.

"மிஸ், ஒண்டு தள்ளேக்கை மற்றது இழுக்குது. வயரை ஒரு பக்கம் மாத்திப் பூட்டியிருக்கினம்."

விளக்கம் இதுதான். ஸ்பீக்கருக்குப் பின்னால் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு முனைகள் உண்டு. அம்பிளிபயரிலும் உண்டு. சிவப்பு சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போகவேண்டும், இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரேமாதிரி. அப்படிப் போனால் இரண்டு கூம்புகளும் ஒன்றாக முன்னுக்கு வரும், ஒன்றாகப் பின்னுக்குப் போகும். ஒன்றை மாற்றிப் பூட்டினால் ஒன்று காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது காற்றை இழுக்கும். ஆழமான சத்தங்கள் நடுவில் ஒன்றை ஒன்று அழித்துவிடும். மேலான சத்தங்கள் அவ்வளவாக அழியாமல் தப்பிவிடும். செற் பழுதுமில்லை, வயர் பழுதுமில்லை, அதனால்தான் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

பழைய வயரில் ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் கறுப்பு. புது வயரில் இரண்டு பக்கமும் ஒரே கண்ணாடி நிறம். ஒரு பக்க உறையில் மட்டும் நூல்போல ஒரு கோடு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். கடைப் பெடியன் அதைப் பார்க்கவில்லை. அவன் மீது எனக்குக் கோபமில்லை, ஒரு நாளைக்கு எத்தனை வீடோ. ஆனால் பூட்டிவிட்டு ஒரு தடவை உட்கார்ந்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இருநூறு மணித்தியாலம் என்று சொல்லியிருந்ததால் கேட்கவேண்டிய தேவை அவனுக்கும் இருக்கவில்லை, எங்களுக்கும் இருக்கவில்லை.

"அப்ப வயர் பழகுறது எண்டு சொல்லுறது?" என்று தம்பி விடாமல் கேட்டான்.

அக்கா சிரித்தார். "செப்புக் கம்பி என்னத்தைப் பழகும் தம்பி? அது கறண்டைக் கடத்தும். இண்டைக்கும் அதுதான், பத்து வருசத்துக்குப் பிறகும் அதுதான். நுனி கறுத்தால் வெட்டிப்போட்டுப் புதுசாய்ச் சீவிப் பூட்டவேணும். வேறையொண்டும் இல்லை."

பின்னர் நானும் இதைத் தேடிப் படித்தேன். தொழிற்சாலைகளில் மின்சாதனங்களை விற்பனைக்கு அனுப்புமுன் பல மணித்தியாலங்கள் ஓடவிட்டுப் பார்க்கிற வழக்கம் உண்மையிலேயே உண்டு. பழுதாகக்கூடிய பாகங்கள் தொடக்கத்திலேயே பழுதாகிவிடட்டும் என்பதற்காக அப்படிச் செய்வார்கள். ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியுள்ள ரப்பரும் துணியும் அசைய அசையச் சற்றுத் தளர்வதும் உண்மை. வயரின் கதை அப்படியல்ல. எங்கள் ஸ்பீக்கர்களின் தடை 8 ஓம். எங்களுடையதுபோல நான்கு மீற்றர் நீளமான ஒரு வயர், 1.5 சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள சாதாரண செப்பு வயராக இருந்தாலும், அதன் தடை போக வரக் கூட்டினாலும் 0.1 ஓம் அளவுக்குக்கூட வராது. இருநூறு மணித்தியாலம் பாட்டு ஓடியபின் அளந்தாலும் அதே அளவுதான். வயரில் முக்கியம் தடிப்பு, நீளம், நுனி இறுக்கமாகவும் சுத்தமாகவும் இருப்பது. கடற்காற்றுப் படுகிற எங்கள் ஊர்களில் செப்பு நுனி பச்சை பிடிக்கும். காலம் போனால் எங்கள் வயர் நன்றாக வருவதற்குப் பதிலாகக் கெட்டுத்தான் போகும். அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்ற மந்திர வித்தைக்காரர், மிக விலைகூடிய ஸ்பீக்கர் வயர் ஒன்றின் சத்தத்தைச் சோதனையில் பிரித்தறிந்து காட்டுபவருக்குப் பத்து இலட்சம் டொலர் தருவதாக 2007 இல் அறிவித்தார். அந்தப் பந்தயம் கடைசியில் நடக்கவேயில்லை.

அப்படியானால் பதினைந்தாம் நாள் தம்பிக்கும் எனக்கும் சத்தம் இளகியதாகப் பட்டது எப்படி? அதற்குப் பதில் என்னுடைய பல்கலைக்கழகக் குறிப்புக் கொப்பியிலேயே இருந்தது. ரொபேர்ட் ஸையன்ஸ் என்ற சமூக உளவியலாளர் 1968 இல் வெளியிட்ட ஆய்வு. அர்த்தமில்லாத சொற்கள், சீன எழுத்துப் போன்ற குறிகள், முன்பின் தெரியாத முகங்களின் படங்கள் ஆகியவற்றைச் சிலவற்றைப் பல தடவையும் சிலவற்றைச் சில தடவையும் மாணவர்களுக்குக் காட்டினார். அதிக தடவை கண்டவையே அவர்களுக்கு நல்லவையாகப் பட்டன. காரணம் வேறொன்றுமில்லை, கண்டு பழகியதுதான். இந்த மனிதர் போலந்தில் பிறந்தவர். 1939 இல் வார்சோவில் ஒரு கட்டடத்தின் மீது குண்டு விழுந்ததில் தாயையும் தகப்பனையும் இழந்து, தானும் படுகாயமடைந்தவர். பரீட்சைக்குப் படித்த காலத்தில் நான் இதை அறிந்திருக்கவில்லை. அறிந்தபின் அந்த ஆய்வை இன்னொரு தடவை எடுத்துப் படித்தேன்.

பழகியது தம்பியின் காதும் என் காதும். எங்களுக்குத் தொப்பி இல்லாத தவில் பழகிவிட்டது. அம்மாவுக்குப் பழகவில்லை, ஏனென்றால் தவில் எப்படி இருக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

அக்கா வயரை மாற்றிப் பூட்டியபின் தம்பி ஒரு மேளக்கச்சேரியைப் போட்டான். தொப்பியின் முதல் அடி விழுந்தபோது கண்ணாடி அலுமாரியில் கிளாஸ்கள் மெதுவாக அதிர்ந்தன. அம்மா கதவுநிலையில் சாய்ந்து நின்று தலையை ஒருபக்கம் சரித்து, நல்ல காதைக் காட்டிக் கேட்டார். ஐந்து நிமிடம் இருக்கும். "ம், இப்ப சரி" என்றார். பிறகு அக்காவுக்குக் கொடுத்துவிட முருங்கைக்காய் பிடுங்க வளவுக்குப் போனார்.

உங்கள் வீட்டிலும் இரண்டு ஸ்பீக்கர் உள்ள செற் இருந்தால் பற்றரிகூட இல்லாமல் பார்க்கலாம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் முகம் பார்க்க வைத்து ஒரு பாட்டுப் போடுங்கள். செற்றை நிறுத்திப் பிளக்கைக் கழற்றி, ஒரு ஸ்பீக்கரின் வயரை மட்டும் மாற்றிப் பூட்டி, அதே பாட்டை மறுபடி போடுங்கள். எந்தத் தடவை ஆழமான சத்தம் கூட வருகிறதோ அதுதான் சரியான பூட்டு. நுனிக் கம்பிகள் ஒன்றோடொன்று முட்டாமல் முறுக்கிப் பூட்டவேண்டும், முட்டினால் அம்பிளிபயர் எரிந்துபோகும். இதற்கு ஆள்பிடிக்கத் தேவையில்லை.

அன்றிரவு மாத அறிக்கை எழுத இருந்தேன். எங்கள் அறிக்கைகளில் நாங்கள் அடிக்கடி எழுதுகிற வசனம் ஒன்று உண்டு: 'புதிய சூழலுக்குப் பழகி வருகிறார்.' மீள்குடியேறிய ஒரு தாயைப் பற்றி நான் மூன்று மாதமாக அதையே எழுதியிருந்தேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் ஊரைச் சொல்லவில்லை. புது வீட்டில் இரவில் நித்திரை வருவதில்லை என்று அவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். பழைய நினைவுகள், காலப்போக்கில் சரிவரும் என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். அவரும் தலையாட்டுவார். கடைசித் தடவை அவர் அதைச் சொல்லவேயில்லை. 'முன்னேற்றம்' என்று எழுதியிருந்தேன்.

அடுத்த நாள் போய், "இரவிலை என்ன செய்யுது அக்கா? ஏதும் சத்தம் கேக்குதோ? எந்தப் பக்கத்திலை?" என்று கேட்டேன். அவர் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். குசினிக் கதவு. கட்டியவர்கள் திறாங்கைப் பூட்டியிருந்தார்கள், ஆனால் நிலையில் அது போய் விழுகிற துளை ஒரு விரல் கீழே இருந்தது. கதவு ஒருநாளும் பூட்டுப்பட்டதில்லை. இரவில் காற்றுக்கு அது அடிக்கும். வயதுக்கு வந்த மகளோடு தனியே இருக்கிற அந்தத் தாய், கதவுக்கு முன்னால் பாயைப் போட்டு, முதுகைக் கதவுக்குக் கொடுத்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

கடையில் ஒரு புதுத் திறாங்கும் நாலு ஸ்குறூ ஆணியும் வாங்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமை திரும்பிப் போனேன். பூட்டுவதற்கு ஆள் அனுப்பட்டோ என்று கேட்டேன். வேண்டாம் மிஸ், ஆணியைத் தாங்கோ, நானே போடுவன் என்றார்.